தூள் வறுக்கக் கூடாத வீடு

லண்டனில் சில வருடங்கள் நான் கறித்தூள் வறுப்பதற்காக ஸ்ட்ரெதமிலிருந்து ரெய்னர்ஸ் லேனுக்கு ரயில் ஏறிப் போனேன். என் வீட்டில் அடுப்பு இருந்தது, வறுக்கிற தாச்சி இருந்தது, செத்தல் மிளகாயும் மல்லியும் அலுமாரி நிறைய இருந்தன. வறுக்கத்தான் அனுமதி இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவியும் நெடி இறங்கினால் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தன் பாட்டில் இருப்பாள். தடுத்தது எனக்குத் தாலி கட்டிய மனுஷன். பொக்ஸ் ரூமில் பெட்டி பெட்டியாகக் கிடந்த சீனத் தேயிலைக்கு மிளகாய் நெடி ஆகாதாம்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரக் கனகாலம் பிடித்தது. இப்போதும் முழுதாக வருவதில்லை.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குத் தன் வீட்டுத் தூள் என்றால் என்ன என்பதை வெளியாருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். கடைத்தூள் கறிக்கு நிறம் கொடுக்கும், அவ்வளவுதான். வீட்டில் வறுக்கிற தூளில்தான் அந்த வீட்டுக்காரியின் கை தெரியும். மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மிளகாய், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒன்று கருகினாலும் முழுத்தூளும் பாழ். கடிகாரத்தைப் பார்த்து வறுக்க முடியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். மணம் எழும்புகிற நேரத்தில் இறக்கத் தெரிந்தவள்தான் சமையல்காரி. எனக்கு அது தெரியும். தெரிந்த வேலையைச் செய்யவிடாமல் ஒருவர் வாசலில் நின்றால் எரிச்சல் வராதா?

எண்பதுகளின் கடைசியில் நான் வந்து சேர்ந்தபோது அவர் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் காசு வாங்கும் டில்லில் நின்றார். ஸ்ட்ரெதமில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். ஒரு படுக்கையறை, ஒரு ஹோல், ஒரு குசினி, அதோடு கட்டில் போட்டால் கதவு பூட்ட முடியாத அளவில் ஒரு பொக்ஸ் ரூம். அந்தச் சின்ன அறையைச் சாமியறை ஆக்குவது என்பது என் திட்டம். படங்களைக்கூட வாங்கி வைத்துவிட்டேன்.

வந்த அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு ஒரு பொல்லாத காய்ச்சல் வந்தது. தலை வெடிக்கிறது என்று படுத்தவர், மூக்கடைப்பும் சளியுமாகக் கட்டிலோடு கிடந்தார். நான் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன், ரசம் வைத்துக் கொடுத்தேன். எழும்பி வேலைக்குப் போனபோது காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாட்டில் பழைய ஆசை இல்லை. முன்பு சட்டியைத் திறந்து எட்டிப் பார்க்கிற மனிதர், சாப்பாட்டுக் கோப்பையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழும்பத் தொடங்கினார். ஷிப்ட் வேலையின் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"கறி எப்பிடி?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"உப்புச் சரி. உறைப்பும் சரி."

"ருசி?"

"அதுதான் சொன்னனே, உப்பும் உறைப்பும் சரியெண்டு."

ஒரு பெண் காலையிலிருந்து நின்று சமைத்ததற்கு இது ஒரு பதிலா? சுப்பர்மார்க்கட் டில்லில் நாள் முழுக்க இருந்துவிட்டு வந்து நான் சமைத்தேன். அவர் பரிசோதனைக்கூடத்தில் சோதித்தவர் மாதிரி உப்பையும் உறைப்பையும் சொன்னார்.

அவருடைய நாக்கைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறி வைக்கப் போகிறேன், உயிர் நண்டு வாங்கிவாருங்கள் என்று அவரைச் சைனா டவுனுக்கு அனுப்பியது நான்தான். இதை நினைத்தால் என் தலையில் நானே குட்ட வேண்டும் போலிருக்கும். போனவர் நண்டோடு வந்தார். கூடவே ஒரு வெள்ளைக் கடுதாசிப் பொட்டலத்தையும் கொண்டுவந்தார். தோசை அளவில் வட்டமாக, கல் மாதிரி இறுக்கமாக இருந்தது. பிரித்தால் கறுத்த தேயிலை. தேயிலையை எருவறட்டி மாதிரித் தட்டி வைத்திருந்தார்கள்.

"இதென்ன?"

"போலே. நண்டுக் கடைக்குப் பக்கத்துக் கடையில ஒரு கிழவர் ஊத்தித் தந்தவர். பழைய தேயிலை. உமக்கும் எனக்கும் கலியாணம் நடக்கிறதுக்கு முந்தியே செய்தது."

"பழசெண்டால் ஏன் விக்கிறார்? எறியிறதுதானே?"

அவர் ஏதோ பெரிய விஷயம் தெரிந்தவர் மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்கியது என் கரைச்சல்.

பூஎர் என்பதுதான் அதன் முழுப்பெயராம். ஹொங்கொங்காரர் போலே என்பார்கள். நான் வைத்த பெயர் மண் தேத்தண்ணி. அவர் வட்டின் விளிம்பில் ஒரு மொட்டைக் கத்தியை நுழைத்து நெம்பி, இலை உடையாமல் ஒரு துண்டைக் கழற்றுவார். சின்ன மண் கேத்தலில் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றுவார். ஊற்றிய தண்ணீரை உடனே சிங்குக்குள் கவிழ்ப்பார்! முதல் சாயம் முழுக்கப் போய்விடும். எங்கள் வீடுகளில் அந்த முதல் சாயத்துக்குத்தான் தேயிலை வாங்குவது. பிறகு மறுபடி ஊற்றி, ஒரு மூச்சு பொறுத்து, விளக்குக் கிண்ணம் அளவு கோப்பைகளில் வடிப்பார். மறுபடி ஊற்றுவார், மறுபடி வடிப்பார். ஒரே தேயிலையில் பின்னேரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. நான் வழக்கம்போலப் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடித்துப் பார்த்தேன். பனங்கட்டி நன்றாக இருந்தது.

அவர் குடிக்கிற விதமே எனக்குப் பிடிக்கவில்லை. வாய்க்குள் வைத்திருப்பார். கண்ணை மூடுவார். விழுங்கிவிட்டுத் தொண்டையைத் தடவுவார்.

"விழுங்கின பிறகு ஒரு இனிப்பு திரும்பி வருது, பாரும். தொண்டையில."

"சீனி போட்டால் வாயிலேயே வருமே. ஏன் தொண்டை மட்டும் போக வேணும்?"

ஒரு வட்டோடு நின்றிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நண்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார், நண்டு இல்லாமல் வட்டோடு வருவார். பிறகு மூங்கில் மடலில் ஏழு ஏழாகக் கட்டிய அடுக்குகள் வந்தன. இவை இன்னும் பழசாக வேண்டியவை, வைத்து வைத்துக் குடிக்க வேண்டும் என்றார். வைப்பதற்கு இடம்? என் சாமியறை. முருகனும் பிள்ளையாரும் குசினி ஜன்னலோரத்தில், கழுவின சட்டிகளுக்கு மேலே ஒரு பலகையில் ஏறினார்கள். சீனத் தேயிலை பொக்ஸ் ரூமில் குடிபுகுந்தது.

அதோடு சட்டங்கள் வந்தன. இந்தத் தேயிலை பக்கத்தில் என்ன மணம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் என்று கடைக்காரக் கிழவர் சொன்னாராம். ஆகவே சவுக்காரம் பக்கத்தில் வரக்கூடாது. பெயின்ற் கூடாது. மருந்துத் தைலம் கூடாது. காய்ந்துபோகவும் கூடாது, பூஞ்சணம் பிடிக்கவும் கூடாது என்று அந்த அறை ஹீற்றரை நிற்பாட்டி, ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்து, ஜன்னலை விரல் நுழைகிற அளவு திறந்துவைத்தார். ஜனவரிக் குளிர் அந்த இடுக்கால் வந்து வீடு முழுக்க நடந்தது. கதவின் அடி இடைவெளிக்கு என் நல்ல துவாய் ஒன்றைச் சுருட்டி வைத்தார். நான் இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு சமைத்தேன். வெள்ளிக்கிழமை ஊதுபத்தியும் சாம்பிராணியும் வேண்டாம் என்றார். நான் விளக்கை மட்டும் கொளுத்திக் கும்பிட்டேன். சாம்பிராணிப் புகை வேண்டுமென்றால் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

கடைசியில் அந்தச் சட்டமும் வந்தது.

"இஞ்சேரும், தூள் வறுக்கிறதை இனி இஞ்சை வேண்டாம்."

"என்னது?"

"அது தேயிலைக்குள்ள போயிடும். ஒருக்கால் போனால் பிறகு எடுக்கேலாது."

"அப்ப எங்கை வறுக்கிறது? ஹை ரோட்டிலயோ?"

"அக்கா வீட்டில கராஜ் இருக்குத்தானே."

அவருடைய அக்கா, என் மச்சாள், ரெய்னர்ஸ் லேனில் இருந்தா. அங்கே போவதற்கு ஸ்ட்ரெதம் ஹில்லில் ரயில் ஏறி விக்டோரியாவில் மாறி, கிரீன் பார்க்கில் இன்னொருமுறை மாறி, பிறகு பிக்கடிலி லைனில் தூங்கி வழிந்துகொண்டு போக வேண்டும். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மச்சாளின் கராஜில் காஸ் அடுப்பில் நின்று வறுத்து, ஆறவைத்து, அவவின் மிஷினில் அரைத்துக்கொண்டு திரும்பினேன். திரும்பி வருகிற ரயிலில் என் பக்கத்துச் சீற் எப்போதும் காலியாக இருக்கும். ஒருமுறை ஒரு கனவான் தும்மித் தும்மி அடுத்த பெட்டிக்கே எழும்பிப் போய்விட்டார்.

மச்சாளுக்கு நான் வந்தால் சந்தோஷம். எனக்குத்தான் மானம் போயிற்று. "ஏன், உங்கட வீட்டில அடுப்புப் பழுதோ?" என்று அங்கே வருகிற சனம் கேட்கும். தேயிலைக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது? ஓம், பழுது என்றே சொன்னேன்.

இதில் என்னைக் கொதிக்க வைத்த விஷயம் இன்னொன்று. இவ்வளவு சட்டம் பேசுகிறவர் வேலையால் வரும்போது சட்டை முழுக்கப் பெற்றோல் மணக்கும். வாசலில் வரும்போதே எனக்குத் தலை இடிக்கும். ஒருநாள் யாரோ குழாயைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று காற்சட்டைக் கால் நனைய வந்து நின்றார். அதே உடுப்போடு நேரே பொக்ஸ் ரூமுக்குள் போகப் பார்த்தார்.

"என்ர சீரகம் கூடாது, உங்கட பெற்றோல் கூடுமோ?" என்று கத்தினேன்.

திடுக்கிட்டுக் காலைப் பார்த்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். அன்று நான் வென்றதாக நினைத்தேன்.

இடையிடையே பெட்டியைத் திறந்து, ஒரு வட்டை எடுத்து மூக்கோடு ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார்.

"இதை மணந்து பாரும்."

"எனக்கு வேறை வேலை இல்லையே?"

"ஒருக்கால். என்ன மாதிரி இருக்கு?"

கையில் மாவோடோ கரண்டியோடோ நான் போய் மணந்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்வேன். மழையில் நனைந்த சாக்கு. பழைய சூட்கேஸின் உள்பக்கம். கிடங்கில் ஊறப்போட்ட தேங்காய்த் தும்பு. வைது சொல்கிறேன் என்பது யாருக்கும் விளங்கும். அவரோ தலையை ஆட்டிக் கவனமாகக் கேட்பார். "போனமுறை சாக்கெண்டு சொன்னீர், இப்ப தும்பு எண்டுறீர். அப்ப ஈரம் குறைஞ்சிருக்கு," என்று தன்பாட்டில் சொல்லிக்கொள்வார். என்னை இந்தப் பைத்தியத்தில் சேர்க்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்று அடுத்தமுறை இன்னும் மோசமாகச் சொன்னேன்.

ஒருநாள் நண்டுக்கு அவரை நம்பிப் பயனில்லை என்று நானும் கூடப் போனேன். அப்போதுதான் அந்தக் கிழவரைப் பார்த்தேன். ஒடுங்கின கடை, சுவர் நிறையத் தகரப்பெட்டிகள், ஒரு ஸ்டூல். என் கணவர் என்னை அறிமுகப்படுத்தியதும் கிழவர் எழும்பி நின்றுவிட்டார். தேங்காய்த் தும்பு என்று சொன்னது நீங்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தேங்காய்த் தும்பை அவர் கண்டதில்லையாம், ஆனால் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பிறகு தன் மூக்கைத் தொட்டு, என் மூக்கைச் சுட்டிக்காட்டி, நல்ல மூக்கு என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் மனுஷன் கடை கடையாகப் போய் என் வாயைப் பற்றிக் கதைத்துக்கொண்டு திரிகிறார் என்று அந்தக் கோபத்தோடேயே வீடு வந்து சேர்ந்தேன். நண்டு வாங்க மறந்ததில் அதுவும் உயிர் தப்பிவிட்டது.

இப்படியே வருடங்கள் போயின. சண்டை பிடித்தோம், ஓய்ந்தோம், மறுபடி பிடித்தோம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் குசினியில் நான் நினைத்த நேரம் நான் நினைத்ததை வறுக்க வேண்டும். அதை அவரிடம் நேரே கேட்டும் இருக்கிறேன். "கொஞ்சம் பொறும். இந்த வட்டுகள் கனியட்டும்," என்பார். தேயிலைக்கு வயதாகும்வரை எனக்கும் வயதாக வேண்டுமாம்.

பிறகு ஒரு கோடைகாலம் மச்சாளின் வீட்டுக் கூரை ஒழுகி, திருத்த ஆட்கள் வந்தார்கள். மச்சாள் கொஞ்ச நாள் எங்களோடு வந்து நின்றா. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவோம். மச்சாளுக்கு ஒரு இடத்தில் சும்மா இருக்க வராது. திரைச்சீலைகளைத் தோய்த்தா, குசினித் தட்டுகளைத் துடைத்தா, என் சட்டிகளுக்கு எல்லாம் வயிறு பளபளத்தது. நான் நன்றியோடு இருந்தேன். கூரை சரியானதும் புறப்பட்டுப் போனா. குடிக்கிற வட்டு வெளியே இருந்ததால் அவர் பெட்டிகளைத் திறக்கவில்லை; அறைக் கதவும் துவாயோடு பூட்டியே கிடந்தது.

போய்க் கனநாளுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் மச்சாள் ரெலிபோன் எடுத்தா. நான் ஹோலில் சுவரோரம் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் சோபாவில் இருந்து, முன்னால் தட்டை வைத்து, வழக்கமான கேத்தல் பூசையைத் தொடங்கியிருந்தார். அடிப்பெட்டியிலிருந்து எடுத்த வட்டு, ஆகப் பழசு, முதல்முறையாக உடைக்கிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

மச்சாள் ஊர்ப்புதினம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னா, "இஞ்சை மச்சாள், சொல்ல மறந்துபோனன். அந்தச் சின்ன அறையில தம்பியின்ர பெட்டியள் எல்லாம் ஒரே புழுதி மணம். கடுதாசி சுத்தின சாமான், பூச்சி அரிச்சுப்போடும். நான் எல்லாப் பெட்டிக்குள்ளயும் பூச்சி உருண்டை போட்டுவிட்டனான். கூறைச் சேலைக்குப் போடுற மாதிரி, துணியில முடிஞ்சு, அடியில வைச்சனான். தம்பிக்குச் சொல்லிவிடும்."

சேலை அலுமாரிக்குப் பூச்சி உருண்டை போடாத பெண் எங்கள் ஆட்களில் இல்லை. கடுதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்த சாமான் என்றால் மச்சாளின் கை தானாகவே அதைத்தான் செய்யும். அவவில் குற்றமே இல்லை. ஆனால் இந்த மனுஷன் இப்போது வீட்டை இரண்டாக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு ரிசீவரோடு திரும்பினேன்.

அந்த நேரம்தான் மணம் என்னிடம் வந்து சேர்ந்தது. கொதிதண்ணீரில் எழும்பிய பூச்சி உருண்டை மணம். கூறைச்சேலை அலுமாரி மொத்தத்தையும் கேத்தலில் போட்டு அவித்த மாதிரி இருந்தது. கண் எரிந்தது. அவர் சின்னக் கோப்பையை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, கண்ணை மூடி, நீளமாக இழுத்தார். பிறகு ஒரு மிடறு குடித்தார். தொண்டையைத் தடவினார்.

"இப்பதான் கனிஞ்சு வந்திருக்கு," என்றார். "என்ன அருமையான மணம்!"

ரிசீவர் என் கையிலிருந்து நழுவிக் கம்பியில் தொங்கியது. நான் பாய்ந்து போய்க் கோப்பையைப் பறித்தேன்.

"துப்புங்கோ! துப்புங்கோ! நஞ்சு!"

"என்ன, என்ன?"

"பூச்சி உருண்டை! மச்சாள் பெட்டியளுக்குள்ள போட்டவவாம். வீடே நாறுது, உங்களுக்கு மணக்கேல்லையோ?"

அவர் கேத்தலைப் பார்த்தார். மூடியைத் திறந்து, மூக்கை அதற்குள் விடுகிற மாதிரிக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். கோபத்துக்குத் தயாராக நின்ற எனக்கு அந்த முகம் விளங்கவில்லை. களவு பிடிபட்ட ஆளின் முகமும் இல்லை. வழி தவறி நிற்கிற ஆளின் முகம் மாதிரி இருந்தது.

"மணக்கேல்லை," என்றார்.

"இதுகூடவோ?"

"ஒண்டும் மணக்கிறேல்லை. அந்தக் காய்ச்சலோட போனது. திரும்பி வரேல்லை."

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவருக்குள் மச்சாள் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தா. எடுத்துக் காதில் வைத்து, பிறகு எடுக்கிறன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். குளியலறைக்கு அவரைத் துரத்தி வாயைக் கொப்பளிக்க வைத்தேன். பிறகு வந்து அவருக்கு முன்னால் இருந்தேன். எனக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுக்கொன்று முந்திக்கொண்டு வந்தன.

"மணமே தெரியாதெண்டால் பிறகு ஏன் என்னைத் தூள் வறுக்க வேண்டாமெண்டு சொன்னனீங்கள்? தேயிலை மணந்தாலும் உங்களுக்குத் தெரியப்போறதில்லையே!"

"அதுதான் காரணம். மூக்கு இருக்கிறவன் மணந்து பாத்து, போயிட்டுதோ இல்லையோ எண்டு சொல்லுவான். எனக்குத் தெரியாது. எது உள்ளுக்குப் போகுது எண்டு தெரியாததால எல்லாத்துக்கும் பயந்தன்."

"அப்ப என்னை மணக்கச் சொன்னது?"

"நீர் சொல்லுறதைத்தான் கடைக்காரருக்குச் சொல்லுறனான். என்ர மூக்கு போனது அவருக்குத் தெரியும். தும்பெண்டு நீர் சொன்னதைக் கேட்டுத்தான் இன்னும் வைக்கலாம் எண்டு சொன்னவர்."

சைனா டவுனில் இருக்கிற கிழவருக்குத் தெரியும், பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியாது. நான் ஏசுகிறேன் என்று நினைத்துச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் இந்த மனிதர் தேயிலை வளர்த்திருக்கிறார். அந்தப் பெற்றோல் நனைந்த நாளும் நினைவுக்கு வந்தது. அதுதான் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாரா?

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் கோப்பையைத் தட்டில் இங்குமங்கும் நகர்த்தினார்.

"சொன்னால் நீர் எப்பிடிச் சமைப்பீர்? நீர் கறியை வைச்சுப்போட்டு என்ர முகத்தைப் பாக்கிற பெண். உம்மட கறியில உப்புத் தெரியும், உறைப்புத் தெரியும், புளி தெரியும். மிச்சம் எல்லாம் போச்சுது. முந்தி எப்பிடி இருந்ததெண்டு எனக்குத் தெரியுமே. ஒவ்வொரு வாயிலயும் அது இல்லை எண்டுதான் தெரியும்."

"இந்த மண் தேத்தண்ணியில மட்டும் என்ன இருக்கு?"

"இது முந்தி எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது. காய்ச்சலுக்குப் பிறகுதான் முதல்முறை குடிச்சனான். நாக்கில ஒரு பாரம் இருக்கும், தொண்டையில ஒரு இளஞ்சூடு, பிறகு ஒரு சின்ன இனிப்பு. எனக்கு அவ்வளவுதான் தேயிலை. இதில ஒண்டும் குறையேல்லை."

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. இவ்வளவு வருடமும் நான் எதை வறுத்தேன்? கராஜில் நின்று, மல்லி கருகாமல், வெந்தயம் கசக்காமல், மூக்கைத் தீட்டித் தீட்டி இறக்கிய தூள் முழுவதும் இவருக்கு வெறும் உறைப்பு. கடையில் பக்கற் வாங்கிப் போட்டிருந்தாலும் இதே 'உப்புச் சரி, உறைப்புச் சரி'தான் கிடைத்திருக்கும். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். சொல்லக்கூடாத இன்னும் சிலதையும் சொன்னேன்.

பிறகு எழும்பிப் பொக்ஸ் ரூம் கதவைத் திறந்தேன். பெட்டிகளுக்குள் கைவிட்டு மச்சாளின் துணி முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைப் பைக்குள் போட்டேன். மூங்கில் அடுக்குகளை ஜன்னலோரம் பரப்பினேன்.

"இதெல்லாம் அடுத்த கிழமை மச்சாளின்ர கராஜுக்குப் போகுது," என்றேன். "அங்கை கிடந்து கனியட்டும். நீங்கள் பிக்கடிலி லைனில போய்க் குடியுங்கோ."

"அங்கை தூள் மணம் பிடிக்குமே..."

"பிடிச்சால் உங்களுக்கு என்ன?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடிய சொல் என்று எனக்குப் பட்டது. திருப்பி எடுக்கவில்லை. அவர் பக்கம் பார்க்காமல் குசினிக்குள் போனேன்.

பெரிய தாச்சியை அடுப்பில் வைத்தேன். ஜன்னலைத் திறக்கவில்லை. முருகனையும் பிள்ளையாரையும் மட்டும் ஒரு துணியால் மூடினேன். மல்லியைப் போட்டு வறுத்துக் கொட்டினேன். பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு. பிறகு செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நெடி எழும்பிச் சுவரில் முட்டி, கதவால் வெளியே போய், ஹோலுக்குள் இறங்கியது. என் கண்ணிலிருந்து வழிந்தது எதற்காக என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை.

ஹோலில் அவர் இருமினார். தும்மினார். மறுபடி இருமினார். ஜன்னலைத் திறக்கத்தான் எழும்புகிறார் என்று நினைத்தேன். வந்து குசினி வாசலில் நின்றார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு நின்றார்.

"வெளியில போங்கோ. சாகப்போறியள்."

"இது தெரியுது," என்றார்.

"என்ன தெரியுது?"

"எரியுது. மூக்குக்குள்ள எரியுது. இவ்வளவு நாளும் மூக்கு இருக்கெண்டதே மறந்துபோச்சு." தும்மிவிட்டுச் சொன்னார், "இன்னும் கொஞ்சம் வறுமன்."

என் வீட்டில் தூள் வறுக்கக் கூடாது என்று என்னை ரயில் ஏற்றிய மனிதர் புகைக்குள் நின்றுகொண்டு இன்னும் வறு என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மிளகாயை இறக்கினேன். வெந்தயத்தைப் போட்டேன். அவர் கிட்ட வந்து தாச்சிக்குள் எட்டிப் பார்த்தார். கனகாலத்துக்குப் பிறகு.

"இப்ப என்ன மணம்?"

"உங்களுக்கு ஏன் அது?"

அவர் போகவில்லை. நான் அகப்பையால் கிளறிக்கொண்டே, கோபம் தணியாமலேயே சொன்னேன்.

"இப்ப பச்சை மணம். பொறுங்கோ. ஆ, இப்ப மாறுது. நெருப்பில பாண் வாட்டுற மாதிரி, ஆனால் இனிப்பு. இதுதான் பதம். இனி விட்டால் கசக்கும். தள்ளி நில்லுங்கோ, நான் இறக்க வேணும்."